பிக்கப்பை உயர்த்தப் போய் 68,000 ரூபாயைச் சேற்றில் விட்டேன்

களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் வாழைத்தோட்டம். தார்ச்சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் ஓர் ஓடை. கோடையில் சைக்கிளே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் வாழைத்தார்களைத் தலைச்சுமையாகத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். என்னிடம் இருப்பது பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் சாதாரண பிக்கப். அதைக் கொடுத்துவிட்டு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்கலாமா என்று யோசித்த நேரத்தில்தான் திருநெல்வேலியில் ஒரு பட்டறைக்காரரிடம் போய் மாட்டிக்கொண்டேன். பெயர் வேண்டாம், அவர் பேசிய பேச்சு தெரிந்தால் போதும்.

"அண்ணாச்சி, ஃபோர் வீலுக்கு எதற்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறீர்கள்? இதையே நாலு அங்குலம் தூக்கித் தருகிறேன், மலையே ஏறும்" என்றார். சேற்றில் ஓட்டத்தான் கேட்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். வாசலில் இருந்த சிமெண்ட் சரிவில் ஓர் உயர்த்திய வண்டியை ஏற்றி இறக்கிக் காட்டினார். காய்ந்த சிமெண்டில் எந்த வண்டிதான் ஏறாது? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. 68,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது கேட்டதற்குச் சிரித்தார்.

பின்பக்கம் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தார். முன்பக்கத்தையும் அதற்கு ஈடாக ஏற்றினார். வண்டி கோயில் யானைபோல நின்றது. டீக்கடையில் நாலு பேர் விசாரித்தபோது எனக்கும் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

ஐப்பசியின் முதல் பெருமழைக்கு மறுநாள், தார் ஏற்ற வெறும் வண்டியாக உள்ளே போனேன். ஓடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இடது பின்சக்கரம் ஓரிடத்திலேயே சுழன்று குழி பறித்தது. வலது சக்கரம் அசையவே இல்லை. இறங்கிக் குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குமே, டிஃபரன்ஷியல், அது பழைய உயரத்திலேயே சேற்றில் புதைந்து கிடந்தது. கட்டை வைத்தால் உயர்வது அச்சுக்கு மேலே இருப்பதெல்லாம்தான். அச்சு சக்கரத்தோடு இருக்கிறது. டயர் பெரிதாகாமல் அது உயராது. அந்த உருண்டையின் வேலையும் அப்படி: ஒரு சக்கரம் வழுக்கினால் சுழற்சி முழுவதும் அதற்கே போய்விடும். பாரமில்லாத பிக்கப்பில் பின்சக்கரத்துக்கு மண்ணில் அழுத்தமும் குறைவு.

பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் பழைய ஃபோர் வீல் வண்டி இருக்கிறது. ஒரு அங்குலம்கூட உயர்த்தாதது, பெயிண்ட் உரிந்தது. ஒன்றும் பேசாமல் கயிற்றைக் கட்டினார், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் குட்டி கியர் லீவரை லோவில் தள்ளினார், நடைவேகத்தில் என்னை வெளியே இழுத்துவிட்டார்.

பட்டறைக்குத் திரும்பப் போனால், "டயரையும் பெரிதாக்கிவிடுங்கள், சரியாகிவிடும்" என்றார். பெரிய டயரில் அந்த உருண்டை கொஞ்சம் உயரும், உண்மை. ஆனால் இழுவை குறையும், கிளட்ச் சீக்கிரம் தேயும், ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். இரண்டாவது தடவையும் ஏமாற நான் தயாராக இல்லை.

பிறகு வந்தவை தனி. தளம் நாலு அங்குலம் ஏறியதால் தார் ஏற்றுகிறவர்கள் தோளுக்கு மேலே தூக்க வேண்டியிருந்தது. கூலி கூட்டிக் கேட்டார்கள், நியாயம்தான். பாரத்தோடு சேரன்மகாதேவி சாலையில் வளைவு திரும்பினால் வண்டி சாய்ந்தது. இன்ஜின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் கோணம் மாறியதால் அதிர்வு வந்து, மூன்றே மாதத்தில் அதன் மூட்டான யு ஜாயிண்ட் போயிற்று. பின் பிரேக்குக்கு எண்ணெய் போகும் ஹோஸ் குழாய் இழுபட்டு விறைத்து நின்றதைக் கண்டு சொன்னது வேறொரு மெக்கானிக்.

தை மாதம் எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, கொண்டுபோனேன். பழையபடி மாற்றிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ சட்டத்தில் உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று யோசியுங்கள். பட்டறையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாதையில் கல்லும் மேடும்தான் தொல்லை, அடிப்பாகம் இடிக்கிறது என்றால் உயரம் உதவும். சேறும் மணலும் தொல்லை என்றால் வேண்டியது பிடிமானம். சேற்றுக்கான டயர், பின் அச்சுக்கு மேலே நாலு மணல் மூட்டை, சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டை: இவற்றால் மழைநாட்களில் பாதியை ஓட்டிவிடலாம். மழைக்காலம் முழுவதும் போய்வர வேண்டியவர்கள் ஃபோர் வீல் வண்டியே பார்க்கட்டும். விலையும் கூடுதல், டீசலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். தார்ச்சாலையிலேயே ஓட்டுகிறவர்களுக்கு அது வீண் செலவு. பழைய வண்டி வாங்கினால் லோ கியரைப் போட்டு, உங்கள் பாதையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாசல் சரிவில் வேண்டாம்.

கட்டைகளைக் கழற்றிப் பழையபடி ஆக்க இன்னொரு 14,000 ஆயிற்று. பட்டறைக்காரர் இப்போது என் போனை எடுப்பதில்லை. இந்த ஐப்பசிக்கு மாமாவின் வண்டியை வாடகைக்குப் பேசியிருக்கிறேன்.