பித்தளைக்கு வாட்டர்ஜெட், கேட்டுக்கு லேசர்

பூஜையறைக் கதவில் பதிக்க 8 மி.மீ. பித்தளையில் கொடி வேலைப்பாடு, வாசல் கேட்டுக்கு 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல் என்னும் சாதா இரும்பு) தகட்டில் ஜாலி, அதாவது வலைபோன்ற துளை வேலைப்பாடு. இரண்டையும் ஒரே மெஷினில் வெட்டி வாங்கிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பிரித்துத்தான் கொடுப்பேன்.

பித்தளை லேசர் ஒளியைத் திருப்பி அடிக்கும், சூட்டையும் வேகமாகப் பரப்பிவிடும். பவர் கூடிய ஃபைபர் லேசர்கள் இன்று அதையும் வெட்டுகின்றன. ஆனால் தடிமன் ஏற ஏற அடிவிளிம்பில் பிசிறு ஒட்டும், மெல்லிய கொடிகள் சூட்டில் நெளியும். வாட்டர்ஜெட்டில் சுமார் 4,000 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீர், கார்னெட் மணலைச் சேர்த்துக்கொண்டு உலோகத்தை அரித்து வெட்டுகிறது. தூத்துக்குடி, கன்னியாகுமரி கடற்கரை மணலில் இயற்கையாகவே கிடக்கும் அதே செந்நிறக் கார்னெட்தான். நிறம் மாறாது, தகடு வளையாது. விளிம்பு மங்கலாக, மணல் அடித்தது போல இருக்கும். பாலிஷ் எளிதாக ஏறும்.

குறையும் உண்டு. வெட்டின் அகலமே சுமார் 1 மி.மீ. என்பதால் உள்மூலைகள் கூராக வராது, லேசான வளைவு விழும். பொடி எழுத்துள்ள பெயர்ப்பலகைக்கு லேசர்தான் சரி. வேகமாக ஓட்டினால் வெட்டின் கீழ்ப்பாதியில் வரிவரியாகக் கோடு விழும். மெதுவாக ஓட்டினால் கோடு குறையும், ஆனால் நிமிடத்துக்குச் சில நூறு கிராம் கார்னெட் கரைவதால், நேரம் கூடக் கூட பில் ஏறும். அதனால் எந்த விளிம்பு கண்ணில் படும் என்று வரைபடத்திலேயே குறித்துக் கொடுங்கள். பாலிஷ் செய்த தகடு என்றால் மேலே ஃபிலிம் இருக்கட்டும், துளை போடுவதைக் கழிவுப் பகுதியில் தொடங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சிதறும் மணல் பளபளப்பைக் கெடுத்துவிடும்.

கேட்டுக்கு வாட்டர்ஜெட் வீண் செலவு. 3 மி.மீ. தகட்டை லேசர் மளமளவென்று வெட்டித் தள்ளும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆக்சிஜன் விட்டு வெட்டினால் விளிம்பில் ஆக்சைடு படலம் படியும். அதன்மேல் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) போட்டால் பின்னாளில் படலத்தோடு சேர்ந்து உரியும். நைட்ரஜன் விட்டு வெட்டச் சொல்லுங்கள், அல்லது விளிம்பைத் தேய்த்த பிறகு கோட்டிங் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது வழி, மின்சாரத்தால் கொதிக்கும் வாயுவைப் பாய்ச்சி உலோகத்தை உருக்கி வெட்டும் பிளாஸ்மா. இது மலிவு. தடித்த பிளேட்டில், தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய உருவங்களுக்குப் போதும். அடியில் கசடு ஒட்டும், விளிம்பு இறுகிவிடும், நுண்வேலை நிற்காது.

அப்புறம், கிரானைட் தரையில் பித்தளைக் கோலம் பதிக்கும் வேலை. இங்கே வாட்டர்ஜெட்டுக்குப் போட்டியே கிடையாது. கல்லையும் பித்தளையையும் ஒரே வரைபடத்தை வைத்து, ஒரே மெஷினில் வெட்டலாம். ஆனால் வெட்டு மேலும் கீழும் ஒரே அகலத்தில் இருக்காது. அதைக் கணக்கில் எடுத்து இடைவெளி விட்டால்தான் பித்தளைக் கோடு கல்லின் குழிக்குள் உட்காரும். முழுக் கோலத்தையும் வெட்டும் முன், ஒரு வளைவை மட்டும் கல்லிலும் பித்தளையிலும் வெட்டிப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள்.