வாய்க்கால் டிராப்புக்குப் படியா, சறுக்கா?

எங்கள் ஊர் வாய்க்காலில் ஒன்றரை மீட்டர் டிராப் ஒன்று இருக்கிறது. தட்டையான டெல்டாவில் இதுவே பெரிய இறக்கம்தான். அதன் கீழே இறங்கினால் கழுத்தளவு பள்ளம். இரண்டு தடவை கான்கிரீட் தளம் போட்டார்கள். இரண்டு தடவையும் அடியிலிருந்த மணல் போய், தளம் அந்தரத்தில் தொங்கி, உடைந்து விழுந்தது. மூன்றாவது தடவைக்குப் பேச்சு எழுந்தபோது பெரியப்பா கேட்டார்: "ஏன் தம்பி, படித்துறை மாதிரிப் படிபடியா கட்டிட்டா தண்ணி நிதானமா இறங்காதா?"

நல்ல கேள்வி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1987-ல் முடிந்த அப்பர் ஸ்டில்வாட்டர் அணையிலும் உபரிநீர் படிகளில்தான் இறங்குகிறது. ஆனால் அணைக்குச் சரிப்பட்டது வாய்க்காலுக்கும் சரிப்படுமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வாய்க்கால் டிராப்பில் நாலு மீட்டர் அகலம். நடவு நேரத்தில் நொடிக்கு சுமார் 1.2 கன மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 42 கன அடி. அது ஒன்றரை மீட்டர் விழும்போது கிடைக்கும் சக்தி ஏறக்குறைய 17.6 கிலோவாட். ஐந்து எச்பி மோட்டார் கிட்டத்தட்ட ஐந்தை ஒரே இடத்தில் இரவு பகலாக ஓட விட்டதற்குச் சமம். இந்தச் சக்தி எங்காவது செலவாகியே தீரும். நாம் இடம் காட்டாவிட்டால் அது மணலில் இடம் தேடிக்கொள்ளும். எங்கள் கழுத்தளவுப் பள்ளம் அப்படி வந்ததுதான்.

வழிகள் மூன்று. செங்குத்தாக விழ விடுவது, வழவழப்பான சறுக்கில் இறக்கி, அடியில் கட்டிய கான்கிரீட் தொட்டியில் வேகத்தை அடக்குவது, படிகளில் இறக்குவது.

செங்குத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். கட்டுவது சுலபம், செலவு குறைவு. தண்ணீர் தளத்தில் மோதும்போது கொண்டுவந்த சக்தியில் நாற்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே போகிறது. மீதி தளத்தையும் அதற்கு அப்பாலும் தாக்கும். எங்கள் ஊரில் இருந்ததும் இந்த வகைதான். அதன் கதை தெரிந்ததுதானே.

சறுக்கின் கதை வேறு. சறுக்கில் வரும் தண்ணீர் வழியில் கிட்டத்தட்ட எதையும் இழப்பதில்லை. அடியில் வரும்போது நொடிக்கு ஆறு மீட்டருக்கு நெருக்கமான வேகத்தில், ஐந்து சென்டிமீட்டர் கனத்தில், கண்ணாடித் தகடு போல ஓடும். கீழே தேங்கிய தண்ணீர் போதுமான ஆழத்தில் நின்றால், அந்தத் தகடு திடீரென்று எழும்பி, நுரைத்து, சுருண்டு அடங்கும். இதை நீர்த்தாவல் என்கிறார்கள். மதகுக் கண்ணில் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கும்போது கீழே வெள்ளையாகப் புரளுமே, அதுதான். எங்கள் அளவுக்கு இந்தத் தாவல் மட்டுமே வந்த சக்தியில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். ஒரு நிபந்தனை உண்டு. கீழ்ப்பக்கம் அறுபது சென்டிமீட்டர் அளவுக்காவது தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தாவல் தொட்டியைத் தாண்டி மண்ணில் போய் நிகழும். வாய்க்கால் அடிமட்டம் தாழ்ந்துபோன இடங்களில் நடப்பது இதுதான்.

படிக்கு வருவோம். அரை மீட்டர் உயரத்தில் மூன்று படி. மெல்லிய நீராக இருந்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு அருவி விழும், சிதறும், காற்றைக் கலந்துகொண்டு அடுத்த படிக்கு இறங்கும். நடவு நேர ஓட்டத்தில் மூன்று படி இறங்கி முடிக்கும்போது அறுபது சதவீதத்துக்கு மேல் சக்தி போய்விடும். சறுக்கும் தொட்டியும் சேர்ந்து செய்வதற்கு ஏறக்குறைய சமம். ஆனால் தொட்டி ஒரே இடத்தில் தின்பதைப் படி மூன்று வாயால் தின்கிறது. கடைசியில் மிஞ்சுவது குறைவு என்பதால் கீழே தொட்டியும் சின்னதாகப் போதும். சமதளக் கல்தளத்தைப் படியாக்கி இறக்கும் பழக்கத்தைப் பழைய ஏரிகளின் உபரிநீர் வழியும் கலிங்குகள் பலவற்றில் இன்றும் பார்க்கலாம். பெரியப்பா சொன்னது ஒன்றும் புதிதல்ல.

இதுவரை படிக்கே என் ஓட்டு. ஆனால் ஐப்பசியில் அடைமழை பிடித்து, வடிகால் தண்ணீரும் வாய்க்காலில் சேர்ந்து, ஓட்டம் மும்மடங்குக்கு மேல் போனால் என்ன ஆகும்?

படியில் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிப்பது படியின் உயரம் மட்டுமல்ல, ஒரு மீட்டர் அகலத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதும்தான். அந்தத் தண்ணீரின் மாறுநிலை ஆழம், அதாவது அந்த ஓட்டம் மிகக் குறைந்த சக்தியில் போகக்கூடிய ஆழம், படி உயரத்தில் 0.8 மடங்கைத் தாண்டினால் அருவி அருவியாக விழுவது நின்றுவிடும் என்று கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராஜரத்னம் 1990-ல் காட்டினார். அதற்குப் பிறகு தண்ணீர் படியின் முனைகளைத் தொட்டுத் தொட்டு மேலாகச் சறுக்கிப் போய்விடும். படிக்குள் சிக்கிய தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கும், மேலே போகும் நீரைக் கொஞ்சம்தான் பிடித்து இழுக்கும். நடவு நேரத்தில் மாறுநிலை ஆழம் 21 சென்டிமீட்டர், படி அரை மீட்டர், பாதிக்கும் குறைவு. மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு ஒரு கன மீட்டர் என்று ஓட்டம் ஏறினால் ஆழம் 47 சென்டிமீட்டர். எல்லையைத் தாண்டியாயிற்று. படி இப்போது சொரசொரப்பான சறுக்கு, அவ்வளவுதான்.

உயர்ந்த அணைகளில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஐம்பது, அறுபது படி இறங்கும்போது அந்தச் சுழலின் உராய்வே கூடிக் கூடிப் பெரிய வேலை செய்துவிடும். அங்கே படியை விரும்புவதற்கு வேறு காரணமும் உண்டு. உருளையால் அழுத்திப் போடும் கான்கிரீட் அணை சுமார் 30 சென்டிமீட்டர் அடுக்குகளாகவே எழும்புகிறது, படி அதிலேயே வந்து விழும். எங்களுக்கு இருப்பதோ மூன்று படி. வெள்ளத்தில் அவை இருப்பதும் இல்லாததும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் தொட்டி அப்போதும் கைவிடாது. கீழே ஒரு மீட்டர் சொச்சம் ஆழம் நின்றால் அதே வெள்ளத்தில் பாதிச் சக்தியைத் தாவல் வாங்கிக்கொள்ளும். வெள்ளத்தில் கீழ்வாய்க்காலும் நிரம்பி நிற்கும் என்பதால் அந்த ஆழத்துக்குப் பெரும்பாலும் குறை இருக்காது.

இதையே கொள்ளிடத்துக்கு எடுத்துப் போனால் படி இன்னும் தோற்கும். இரண்டு லட்சம் கன அடி 600 மீட்டர் அகலத்தில் பரவினால் மீட்டருக்கு 9 கன மீட்டருக்கு மேல், மாறுநிலை ஆழம் இரண்டு மீட்டருக்கு மேல். அருவியாக விழ வேண்டுமென்றால் ஒரு படி ஆள் உயரத்தைத் தாண்டி 2.6 மீட்டராவது இருக்க வேண்டும். வெள்ளத்தில் கீழ்ப்பக்க நீர்மட்டமும் உயர்ந்து இறக்கம் சுருங்கிவிடும், அந்தப் படியும் மூழ்கிக் கிடக்கும். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் 1830-களில் கட்டிய கொள்ளிடம் மேலணையின் ஒன்பது ஷட்டர்கள் இடிந்து விழுந்ததும், 'நவீனமாகப் படி வைத்துக் கட்ட வேண்டியதுதானே' என்று சிலர் பேசினார்கள். மணலாற்றில் அப்படிப்பட்ட இடத்துக்கு வேண்டியது நீண்ட தளம், அதில் வேகத்தை முறிக்கும் கட்டைகள், தளத்தின் ஓரத்தில் ஆழமாக இறக்கிய தடுப்புச் சுவர், அதற்கும் அப்பால் தளர்வாகக் குவித்த கற்கள். மண் அரித்தால் அந்தக் கற்கள் தாமாகச் சரிந்து பள்ளத்தை மூடும். மணலில் கல்லைப் போட்டு, அது புதையப் புதைய மேலும் போட்டு அடித்தளம் எழுப்பலாம் என்பதைக் கல்லணையிடமிருந்து கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டது தெரிந்த விஷயம்.

 

கணக்கில் வராத சில விஷயங்களும் உண்டு. படி கட்டச் சென்ட்ரிங் பலகை அதிகம், கொத்தனார் கூலி அதிகம். படியின் முனைதான் முதலில் பெயரும், மணல் கலந்த தண்ணீர் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நெய்வேலி காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் படியில் மாட்டினால் ஒரு வாரத்தில் புதர். இன்னொன்று, படி என்று ஒன்று இருந்தால் எங்கள் ஊரில் அது துணி துவைக்கும் துறை ஆகிவிடும், பிள்ளைகள் குளிக்க இறங்கும். பாசி பிடித்த படியில் ஓடும் தண்ணீரில் வழுக்கினால் நேராகத் தொட்டிக்குத்தான். சறுக்கில் யாரும் நிற்கத் துணிய மாட்டார்கள். படிக்குச் சாதகமாகவும் ஒன்று: காற்று கலந்து இறங்கும் தண்ணீர் மீனுக்கு நல்லது.

கூட்டத்தில் நான் சொன்னது இதுதான்: சறுக்கும் தொட்டியும் கட்டுங்கள், ஆனால் தொட்டியை வெள்ளத்துக்குக் கணக்குப் பார்த்து நீளமாகக் கட்டுங்கள், கடைசியில் ஒரு முழ உயரத்துக்கு வரம்புச் சுவர் வையுங்கள், அதற்கு அப்பால் கற்களைச் சிமெண்டு பூசாமல் அடுக்குங்கள். பக்கத்துக் கிளை வாய்க்காலில் இருக்கும் சின்ன டிராப்பில் மழைத்தண்ணீர் சேர வழியில்லை, மதகில் அளந்து விடுவது மட்டுமே வருகிறது. அங்கே படி கட்டலாம், செலவுக்கு ஈடாகத் தொட்டியில் மிச்சம் பிடிக்கலாம்.

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப துறைக்குத் தனியா ஓரமா நாலு படி வெச்சுடுங்க, பொம்பளைங்க எங்க போவாங்க" என்றார். எஸ்டிமேட்டில் அதையும் சேர்த்திருக்கிறார்கள், டிராப்பிலிருந்து முப்பது மீட்டர் மேலே.