சுங்கை சிப்புட்டில் கிடைக்கும் துப்பாக்கிப் பெட்டி: வாங்கலாமா?

மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் எடுத்து, செம்பனைக் காட்டில் பன்றி விரட்ட 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கான நெட்டை இரும்புப் பெட்டி இது. 3 மி.மீ. தகடு, கீல் உள்பக்கம், கதவு இடுக்கில் திருப்புளி நுழையாது. நல்ல வேலைப்பாடு. கூடவே தரும் ஸ்குரூதான் மோசம். லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பலகைச் சுவரில் நிற்காது. சிமெண்டுத் தரையில் நான்கு ஆங்கர் போல்ட் அடித்து இறுக்குங்கள்.

திருடனுக்குப் பயந்து தோட்டா போட்டே வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பல துப்பாக்கிகளில் சேஃப்டி என்ற பாதுகாப்புப் பூட்டு, சுடும் விசையை மட்டும்தான் பூட்டும்; கீழே விழுந்தால் வெடிக்கலாம். அதிலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. குழலை மடக்கி, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, காலியாக வையுங்கள். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. பெட்டிக்குள் ஒட்டியுள்ள பஞ்சு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவாக்கும்; அதை உரித்துவிட்டு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.