உப்புத் தண்ணீரும் ஆட்டோகிளேவும்: பல் கிளினிக்கில் சில வருடப் பயன்பாடு

கோவையில் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு தண்ணீர் பழக்கம். ஒன்று சிறுவாணி, இன்னொன்று போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீர். எங்கள் போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1000 பிபிஎம்முக்கு மேல். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் (கிளாஸ் பி வகை) வாங்கியபோது, டேங்கில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைத் தினமும் எங்கிருந்து கொண்டுவருவது என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் எல்லாரையும் போல பேட்டரி தண்ணீர் கேன்தான். மோசமில்லை, ஆனால் கேனுக்குக் கேன் தரம் மாறும். சிறிய ஆட்டோகிளேவுகளுக்கான ஐரோப்பியத் தரம் (இஎன் 13060) கேட்பது சென்டிமீட்டருக்கு 15 மைக்ரோசீமென்ஸுக்குள் கடத்துதிறன் (உப்பு குறையக் குறைய இதுவும் குறையும்), லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள் குளோரைடு. நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இலோ வேறு வழி இல்லாத இடத்தில் குளோரைடு லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை போகலாம். நாம் தாராளமாகக் குடிக்கிற தண்ணீரை ஸ்டீல் தாங்காது.

அடுத்து வீட்டு ஆர்.ஓ. வைத்துப் பார்த்தோம். இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். பெரும்பாலான மாடல்களில் சுவைக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும்; அது வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையே திரும்பக் கலக்கிறது. சிலவற்றில் மினரல் கேட்ரிட்ஜ் வேறு. குடிக்கிற வாய்க்கு நல்லது, ஆட்டோகிளேவுக்கு ஆகாது.

சாஃப்ட்னர் விற்க வருபவர்கள் "கறையே வராது சார்" என்பார்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. வெள்ளைத் திட்டு குறையும், உண்மை. குளோரைடு அப்படியே இருக்கும். கத்தரி, ஃபோர்செப்ஸ் கீல்களில் ஊசி குத்தினாற்போல் விழும் அரிப்புக்குக் காரணமே அந்தக் குளோரைடுதான். முதல் கழுவலுக்கு சாஃப்ட்னர் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கு வேண்டாம், ஏனென்றால் அதில் இருக்கும் உப்பெல்லாம் கருவியோடு சேர்ந்து 134 டிகிரிக்குள் போகிறது. (ரூட் கனாலில் ஹைப்போகுளோரைட் பட்ட கருவியை மாலை வரை அப்படியே போட்டு வைத்தாலும் அரிப்புதான். அதற்குத் தண்ணீரைத் திட்டிப் பயனில்லை.)

இப்போது ஓடுவது கன்ட்ரோலர் இல்லாத ஆர்.ஓ., அதன் பின்னால் மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொள்ளும் மிக்ஸ்டு பெட் ரெசின் கேட்ரிட்ஜ். ஆட்டோகிளேவுக்கும் கடைசி அலசலுக்கும் அதே தண்ணீர். சேம்பர் சுவரில் வெள்ளைப் படலம் கட்டுவது நின்றது, ஏர்ரோட்டர் (பல் குடையும் கருவி) பேரிங்குகளும் முன்பைவிட நீண்ட நாள் வருகின்றன. பேரிங் விஷயத்தில் எண்ணெய் ஒழுங்காக விட்டதற்கும் பங்கு உண்டு. தண்ணீருக்கே முழுப் பெயரையும் கொடுக்க மாட்டேன்.

குறை ரெசினில்தான். தீரும் தறுவாயில் கடத்துதிறன் மீட்டர் இன்னும் நல்ல எண்ணைக் காட்டும்போதே சிலிகா கசியத் தொடங்கிவிடும். ட்ரேயில் பொன்னிறமாகவோ வானவில் போலவோ நிறம் ஏறினால் துரு என்று தேய்க்க வேண்டாம், கேட்ரிட்ஜை மாற்றுங்கள். எண் கொஞ்சம் ஏறத் தொடங்கியதுமே நாங்கள் மாற்றிவிடுகிறோம். டிடிஎஸ் பேனாவைவிடக் கடத்துதிறன் மீட்டர் நல்லது: 15 மைக்ரோசீமென்ஸ் என்பது பேனாவில் 8 பிபிஎம் பக்கம்தான், அந்த அளவில் மலிவான பேனாக்கள் தடுமாறும்.

சேமித்த தண்ணீரை நாள்கணக்கில் வைக்காதீர்கள். தேங்கினால் கிருமி பெருகும். கிருமி ஆட்டோகிளேவில் செத்தாலும் அது விட்டுச்செல்லும் எண்டோடாக்சின் என்ற நச்சு நீராவியில் அழியாது. கண் அறுவை செய்யும் இடங்களில் இது இன்னும் தீவிரமான விஷயம். நாங்கள் மாலையில் கேனைக் காலி செய்து கவிழ்த்து வைக்கிறோம்.

ஒரு நாளைக்கு ஆட்டோகிளேவை ஓரிரு சைக்கிள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இந்த ஏற்பாடு அதிகப்படி. கேன் வாங்குங்கள், ஒவ்வொரு கேனையும் மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.