சிவப்பு கிளீட்டும் கழன்ற மரையும்: மலை தாண்டிப் போய் பெடல் வாங்குகிறவர்களுக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, புளியரை சோதனைச் சாவடிக்கு முன்னால் லாரி வரிசையின் ஓரமாக ஒரு கல்லூரிப் பையன் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். ஷூவின் அடியைக் காட்டச் சொன்னேன். சிவப்பு கிளீட், அதாவது ஷூவைப் பெடலில் பூட்டுவதற்காக அடியில் திருகும் துண்டு. "எங்கே வாங்கினாய் தம்பி?" என்றேன். நான் நினைத்த கடையின் பெயரையே சொன்னான். "சிவப்புதான் காலுக்கு நன்றாக அசைவு கொடுக்கும் என்றார்கள் அண்ணாச்சி."

ஐந்து மாதத்துக்கு முன்பு அதே கடையில் எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். அப்போதே இதை எழுதியிருந்தால் இந்தப் பையனாவது தப்பித்திருப்பான். வெட்கம் தடுத்துவிட்டது. எனக்குச் செங்கோட்டையில் மர அறுவை மில் இருக்கிறது. அளவு நாடா இல்லாமல் ஒரு கன அடி மரம் வாங்க மாட்டேன், ரசீது இல்லாமல் ஒரு லோடு இறக்க விட மாட்டேன். அப்படிப்பட்ட ஆள் ஒரு ஜோடி பெடலில் ஏமாந்தான் என்று ஊருக்குச் சொல்ல நாக்கு எழவில்லை.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கோட்டைவாசல் தாண்டி மலை இறங்கினால் கேரளப் பக்கம் வரும் ஊர்களில் ஒன்று என்பது போதும். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரையும் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னை ஏமாற்றியவர் தென்காசித் தமிழ்தான் பேசினார். தன் தாத்தா இலஞ்சிக்காரர் என்றார், வாய்க்கு வாய் அண்ணாச்சி என்றார். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. எங்களுக்கு அந்த எல்லை வீட்டு நடுச்சுவர் மாதிரி, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். பேச்சில் ஊர் வாடை அடித்ததும் நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய ரோடு சைக்கிள் ஒன்றை வாங்கி இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். ஞாயிறுதோறும் புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரை போய்த் திரும்புவேன். சாதாரண பெடலில் மழைக்காலத்தில் கால் வழுக்குகிறது என்று கிளிப்லெஸ் பெடல் வாங்க ஆசைப்பட்டேன். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இதில்தான் ஷூவைப் பெடலில் பூட்டுகிறோம். முன்காலத்தில் பெடலுக்கு முன்னால் கால்விரலைப் பிடிக்கும் கூடும் வாரும் இருந்தன. அந்தக் கூட்டுக்கு டோ கிளிப் என்று பெயர், அது இல்லாததால் கிளிப்லெஸ். பனிச்சறுக்குப் பூட்டு செய்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம் 1984இல் இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் பந்தய வீரர் பெர்னார் இனோ அதைப் போட்டுக்கொண்டு டூர் டி பிரான்ஸ் வென்றார். அதன்பிறகு பந்தயக்காரர்கள் வாரைக் கைவிட்டார்கள்.

கடையில் நான் தெளிவாகச் சொன்னேன். வழியில் இரண்டு சோதனைச் சாவடி, நாலு டீக்கடை, நிறைய இறங்கி நடக்க வேண்டும். வலது முழங்கால் பழைய அடி பட்டது, கால் கொஞ்சம் அசைய இடம் வேண்டும். இதைக் கேட்ட எந்த நேர்மையான கடைக்காரரும் இரண்டு திருகு கிளீட்டைத்தான் எடுத்துக் காட்டியிருப்பார். ஷிமானோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் எஸ்.பி.டி. அந்த வகை. சின்ன இரும்புத் துண்டு, ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளும், நடந்தால் தரையில் அதிகம் படாது. இவர் எடுத்து வைத்தது மூன்று திருகு வகை, எஸ்.பி.டி.-எஸ்.எல். பந்தயத்துக்கு அருமையான பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கிளீட் முழுக்க ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். டீக்கடையின் ஈரச் சிமெண்டுத் தரையில் அதை மாட்டிக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும், வாத்துகூட நம்மைவிட அழகாக நடக்கும். எஸ்.பி.டி. கேட்டபோது, "அது மலைச் சைக்கிளுக்கு அண்ணாச்சி, ரோடு சைக்கிளில் மாட்டினால் சிரிப்பார்கள்" என்றார். பெடல் மரை இரண்டுக்கும் ஒன்றுதான், எதையும் எதிலும் மாட்டலாம் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவர் கடையில் எஸ்.பி.டி. இருப்பில் இல்லை என்பதும் தெரியாது.

பெட்டியை உள்ளே எடுத்துப்போய்ப் பிரித்துக் கொண்டுவந்தார். இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் வாங்கிய ரகப் பெடலின் பெட்டிக்குள் ஷிமானோ மஞ்சள் கிளீட்தான் வைத்து அனுப்புகிறது. எனக்கு வந்தது சிவப்பு. மஞ்சளைத் தனியாக எடுத்து வேறு யாருக்கோ விற்றுவிட்டு, அலமாரியில் போகாமல் கிடந்த சிவப்பை எனக்குத் தள்ளியிருக்கிறார். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும், வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஷிமானோவில் மஞ்சள் என்றால் பூட்டிய பிறகும் குதிகால் 6 டிகிரி அசையும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே அசையாது. லுக் நிறுவனத்தின் கியோ வகையில் கணக்கு வேறு. அங்கே சிவப்புதான் 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். ஆக, "சிவப்புதான் அசையும்" என்பது சுத்தப் பொய்யும் அல்ல. லுக்கைப் பற்றிய உண்மையை ஷிமானோ தலையில் கட்டி விற்றிருக்கிறார். தெரியாமல் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பப் போய் எடுத்துச் சொன்ன பிறகும் அந்தப் பையனுக்கு அதையே சொல்லி விற்றிருப்பதால் இப்போது அப்படி நினைக்கவில்லை.

அடுத்தது மாட்டிய விதம். வேலைக்கு நின்ற பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். வலது பெடல் சுலபமாக ஏறியது. இடது பெடலைக் கையால் இரண்டு சுற்றுகூடச் சுற்றவில்லை, நேராக ஸ்பேனரைப் போட்டான். இறுகியதும் ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டு அமுக்கினான். "கரக்" என்று ஒரு சத்தம். பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் ஓரத்திலிருந்து வெள்ளிக் கம்பி மாதிரி மெல்லிய அலுமினியச் சுருள் ஒன்று பிதுங்கி, நீண்டு, தரையில் விழுந்தது. நாள் முழுக்க மரச் சுருளுக்கு நடுவில் நிற்கிறவன் நான். ஒரு பொருளிலிருந்து சுருள் உதிர்ந்தால் அந்தப் பொருள் தேய்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றேன். "புதிது அப்படித்தான் அண்ணாச்சி, இறுக்கமாக ஏறும்" என்றார் முதலாளி. தலையாட்டினேன்.

ஷூவும் பெடலுமாக 13,900 ரூபாய். ரசீது கேட்டதற்கு, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் ஞாயிறு புளியரையிலேயே விழுந்தேன். முன்னால் போன கல் லாரி சட்டென்று நின்றது, நானும் நின்றேன், கால் பெடலைவிட்டு வரவில்லை. அறுத்துவிட்ட மரம் மாதிரி அப்படியே இடப்பக்கம் சாய்ந்தேன். புதிதாகப் பூட்டுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இப்படி விழுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெடலின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, பிடியின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும். புதியவர்களுக்கு அதை நன்றாகத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். என் பெடல் இரண்டிலும் அது கடைசிவரை இறுக்கியிருந்தது என்பதைப் பிறகு வீட்டில் ஆலன் கீ போட்டுப் பார்த்தபோதுதான் கண்டுகொண்டேன்.

மூன்றாவது வாரம் வலது முழங்காலின் உட்பக்கம் வலி. மில்லில் படி ஏறவே முடியவில்லை. வலி தாங்காமல் பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே மடித்துக் கிடந்த விளக்கத்தாளை முதல்முறையாக விரித்தேன். நிறங்களும் டிகிரியும் படத்தோடு அச்சடித்திருந்தன. சிவப்புக்கு நேரே, அசைவு இல்லை என்று இருந்தது. என் குதிகால் இயல்பாக வெளிப்பக்கம் திரும்பும். அதை ஒவ்வொரு மிதிக்கும் நேராக நிறுத்தி வைத்தால் திருகல் முழுவதும் முட்டிக்குத்தானே போகும்? அன்றைக்கே மஞ்சள் கிளீட்டைத் தபாலில் அனுப்பச் சொல்லி, வந்ததும் மாட்டினேன். பத்து நாளில் வலி குறைந்தது. கதை இதோடு முடிந்திருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன்.

ஐந்தாவது ஞாயிறு. நல்ல சாரல். தென்மலையிலிருந்து திரும்பி, ஆரியங்காவை நோக்கிய ஏற்றத்தில் இருக்கையைவிட்டு எழுந்து மிதித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நாளாகவே இடப்பக்கம் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, எண்ணெய் விட்டால் போய்விடும் என்று அலட்சியமாக இருந்தேன். திடீரென்று இடது காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மேல்கம்பியில் மோதி, எப்படியோ விழாமல் ஓரத்தில் நின்றுவிட்டேன். குனிந்து பார்த்தால் பெடல் என் ஷூவோடு தொங்குகிறது. கிராங்கைவிட்டு அச்சோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அச்சின் மரைப் பள்ளங்களில் அலுமினியம் பல்லிடுக்குச் சோறு மாதிரி அடைந்திருந்தது. கிராங்கின் ஓட்டைக்குள் விரலை விட்டால் வழவழவென்று இருந்தது. இதுவே எஸ் வளைவு இறக்கத்தில், எதிரே லாரி வரும்போது நடந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்க மாட்டான்.

ஒரு காலில் லாடம் அடித்த குதிரை மாதிரி நொண்டிக்கொண்டு ஒரு டீக்கடை வரை போனேன். கேரளாவுக்கு வைக்கோல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர் சுரண்டைக்காரர். பெடலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மரை கழன்றுவிட்டதே ஐயா" என்றார். என்னைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு நொடி தோன்றியது.

தென்காசியில் ஒரு லேத் பட்டறைக்காரர் பார்த்த மாத்திரத்தில் விஷயத்தைச் சொன்னார். சைக்கிளில் வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடது பெடலுக்கு எதிர் மரை. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்பேனரை மேல்பக்கம் பிடித்தால் இரண்டு பெடலுமே முன்சக்கரத்தைப் பார்த்துத் திருப்பினால் இறுகும், பின்சக்கரத்தைப் பார்த்துத் திருப்பினால் கழலும். அச்சிலேயே 'எல்', 'ஆர்' என்று ஆங்கில எழுத்தும் பொறித்திருக்கும். அந்தப் பையன் கோணலாக வைத்துக் குழாய் போட்டு நெரித்ததில், எஃகு அச்சு அலுமினிய மரையை அறுத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறது. சரியாகப் பிடித்தது மூன்று நான்கு மரை மட்டும்தான், அதுவும் ஐந்து வாரத்தில் போய்விட்டது. ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே எஃகு புஷ் இறக்கி, புதிதாக எதிர் மரை வெட்டிக் கொடுத்தார். 600 ரூபாய் வாங்கினார். பெடலை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, விரலாலேயே கடைசி வரை சுற்றினார். ஸ்பேனர் கடைசி அரைச் சுற்றுக்குத்தான் வேலைக்கு வந்தது. இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிடுங்கிய பெடலையும் சிவப்பு கிளீட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணாச்சியாக இருந்த நான் இப்போது 'சார்' ஆகியிருந்தேன். கிராங்க் பழையது என்றார் முதலாளி. பெட்டியைப் பிரித்தது நீங்கள்தான் என்றார். சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது. இவ்வளவும் பேசிவிட்டு, போகும்போது ஒரு தண்ணீர் பாட்டிலையும் அதை மாட்டும் கூட்டையும் கையில் திணித்து, "நமக்குள் எதற்கு" என்றார். மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பலகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது கொடுக்காமல் விற்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன நாட்களுக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிகம். கடை கேரளாவில் இருக்கிறதே, அங்கே போய் அலைய வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். வாங்கியவர் குடியிருக்கும் இடத்துக்கு உரிய நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். நான் பணத்தைச் செயலி வழியாகச் செலுத்தியிருந்ததால் தேதியும் தொகையும் கைபேசியில் இருந்தன, இல்லாவிட்டால் 'எஸ்டிமேட்' சீட்டை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டிருப்பேன். ரொக்கம் கொடுத்திருந்தால் ரசீதை விடாதீர்கள். பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். பெடல் மாட்டும்போது குழாய் கையில் எடுத்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், மரியாதை பார்க்காதீர்கள்.

இப்போது அதே சைக்கிளில் எஸ்.பி.டி.தான் மாட்டியிருக்கிறேன், இரண்டு பக்கமும் பூட்டும் வகை. கிளீட்டும், பூட்டுவதற்கு எளிதாகவும் பல திசையிலும் திருகினால் கழலும்படியாகவும் இருக்கும் ரகம். ரோடு சைக்கிளில் பார்த்து இதுவரை ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அந்தப் பையனை அன்றைக்கு மில்லுக்கு அழைத்து வந்து இடது பெடலைக் கழற்றிப் பார்த்தோம். மரை நன்றாக இருந்தது, வேலைக்காரப் பையன் அதற்குள் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறான். கிளீட்டை மட்டும் மாற்றினால் போதும். நான் கடைக்கு நோட்டீஸ் அனுப்பி இன்றோடு பதினோரு நாள். பதினைந்து நாள் கெடு கொடுத்திருக்கிறேன். பதில் வந்தாலும், வராவிட்டாலும், இங்கே எழுதுகிறேன்.