ரீபில்ட் செய்த எண்டியூரோ 40-க்கு டிசி-டபிள்யூ3 ஓயில்: முதல் பத்து மணித்தியாலங்கள்

சிலிண்டர் இரண்டின் உட்துளையையும் கடைந்து பெரிதாக்கி (போர் செய்து), 0.50 மில்லிமீற்றர் பெரிதான பிஸ்டன்களும் றிங்குகளும் போட்டு, கிராங்கின் பெயரிங் வரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்த எங்களுடைய படகின் இரண்டு ஸ்ட்ரோக் யமஹா எண்டியூரோ 40 வெளியிணைப்பு இயந்திரத்தை ரன்னிங் இன், அதாவது புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வரையான முதல் ஓட்டம், ஓடி முடிப்பதற்காக, நீரால் குளிரும் இவ்வகை இயந்திரங்களுக்கான டிசி-டபிள்யூ3 முத்திரையுள்ள ஓயிலில் ஒரு லீற்றர்ப் போத்தல்கள் நான்கு வாங்கினேன். எந்தக் கம்பெனியின் போத்தல் என்று இங்கே எழுதவில்லை. அமெரிக்கக் கடற்கலன் உற்பத்தியாளர் சங்கமான என்எம்எம்ஏ சோதித்துக் கொடுக்கும் அந்த முத்திரை போத்தலில் இருக்கிறதா என்பதுதான் வாங்குபவர் பார்க்க வேண்டியது. நான்கு போத்தலும் தீர்ந்துவிட்டன, இயந்திரம் இப்போது ஒழுங்காகத் தொழிலுக்குப் போய் வருகிறது. ஓயிலைப் பற்றி எனக்குக் குறை சொல்ல அதிகமில்லை. போத்தலைப் பற்றிக் கொஞ்சம் உண்டு.

முதலில், பழைய பிஸ்டன் ஏன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறிய பிறகு, எரிபொருளில் மிச்சம் பிடிக்க முடியாதவர்கள் ஓயிலிலாவது பிடிக்கப் பார்த்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். பீப்பாயிலிருந்து சோடாப் போத்தலில் ஊற்றித் தந்த சில்லறை ஓயிலை, இன்ன தரம் என்று கேட்காமலே வாங்கி, மூடியால் அளந்து கலந்தேன். கடையைக் குறை சொல்லி என்ன பயன்? மூடியால் அளந்த கை என்னுடையது. ஒரு நாள் கரைக்குத் திரும்பும் வழியில் மேல் சிலிண்டர் இறுகிக் கொண்டது.

நாற்சக்கர வாகனத்தின் எஞ்சினைப் போல அடியில் ஓயில் தேங்கி நிற்கும் தொட்டி இந்த இயந்திரத்துக்குக் கிடையாது. கிராங் பெயரிங், கனெக்டிங் ரொட்டின் இரு முனைகள், பிஸ்டன், றிங், சிலிண்டர்ச் சுவர் ஆகிய அத்தனைக்கும் பெற்றோலோடு சேர்ந்து கிராங் கேசுக்குள் போகும் ஓயில்தான் ஒரே பாதுகாப்பு. புதிதாகப் போர் செய்து ஹோன் பண்ணிய (சாணைக்கல்லால் உரசிய) சிலிண்டர்ச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருக்கும், அவற்றின் முனைகள் தேய்ந்து றிங்கோடு பொருந்தும் வரை உராய்வும் சூடும் வழமையைவிடக் கூட. அதனால்தான் ரன்னிங் இன் காலத்தில் 25:1 என்றும், அதன் பிறகு 50:1 என்றும் கைநூல் சொல்கிறது. அதாவது 25 லீற்றர் பெற்றோலுக்கு ஒரு லீற்றர் ஓயில், பின்னர் அதில் பாதி.

இந்தக் கணக்கை நான் தாங்கியோடு பொருத்திக் கொண்டேன். யமஹாவின் தூக்கிச் செல்லும் தாங்கி 24 லீற்றர் கொள்ளும், ஆனாலும் வெயிலில் பெற்றோல் விரிவதற்கு இடம் விட வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் 20 லீற்றரே ஊற்றினேன். அதற்கு 800 மில்லிலீற்றர் ஓயில் வேண்டும். போத்தலின் பக்கவாட்டில் ஒளி புகும் ஒரு கோடு விட்டு அளவுக் குறிகள் போட்டிருக்கிறார்கள், ஆனால் குறிகள் நூறு நூறாகத்தான் இருக்கின்றன, கோடும் கை பட்டுப் பட்டு மங்கிவிடுகிறது. மீன் வாடியின் அரைகுறை வெளிச்சத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு அதைப் பார்த்து அளப்பது பார்வை குறைந்த எனக்குச் சரிவரவில்லை. மருந்தகத்தில் வாங்கிய ஒரு லீற்றர் அளவுக் குவளை அந்தச் சிக்கலைத் தீர்த்தது. நான்கு போத்தல் வாங்குபவருக்கு ஒரு குவளையைச் சேர்த்துக் கொடுத்தால் கம்பெனி நட்டப்பட்டுப் போகாது.

கலப்பதற்கு இந்த ஓயில் நன்றாக இடம் கொடுத்தது. தாங்கியைப் படகிலிருந்து கரையில் இறக்கி, முதலில் ஓயிலை ஊற்றி, மேலே பெற்றோலை ஊற்றி, மூடியையும் காற்றுத் துளையையும் இறுக்கி, பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்துக் குலுக்கினால் போதும். அடியில் தடித்துப் படியாமல் கலவை முழுதும் ஒரே நிறமாக வந்தது. இதில் முன்கூட்டியே கரைப்பான் சேர்த்திருப்பதால்தான் இவ்வளவு இலகு. பழைய சில்லறை ஓயில் தாங்கியின் மூலையில் களி போலக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன், அப்படிக் கிடந்தால் முதல் லீற்றரில் ஓயில் கூடியும் கடைசி லீற்றரில் அறவே இல்லாமலும் போகும்.

மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் விற்கும் இரண்டு ஸ்ட்ரோக் ஓயிலைப் போட்டால் என்ன என்று கரையில் பலர் கேட்கிறார்கள். அதுவும் நல்ல ஓயில்தான், ஆனால் வேறு வேலைக்குச் செய்தது. காற்றால் குளிரும் எஞ்சின் கடும் சூட்டில் ஓடுவதால், அதைச் சுத்தமாக வைத்திருக்க அந்த ஓயிலில் உலோகச் சேர்மானம் உள்ள கழுவுபொருள் சேர்ப்பார்கள், எரிந்த பின் அது சாம்பலை விடும். கடல் நீரால் குளிர்ந்து, ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் பாரம் இழுக்கும் எங்கள் இயந்திரத்தில் அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையில் படிந்து, சிவந்து, பிளக் பொறி விடும் முன்பே கலவையைப் பற்ற வைத்துவிடக் கூடும். டிசி-டபிள்யூ3 ஓயில் சாம்பல் விடாத வகை. அதோடு துருவைத் தடுக்கும் பொருளும் அதில் இருக்கிறது, காற்றடி நாட்களில் ஒரு கிழமை உப்புக் காற்றில் சும்மா நிற்கும் இயந்திரத்துக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

ஓடிய முறை இது. முதல் பத்து நிமிடம் நன்னீர் நிரப்பிய பீப்பாயில், கியர் போடாமல், ஆகக் குறைந்த வேகத்தில் விட்டு, குளிர்நீர் பீச்சும் துளையில் நீர் தடையின்றி வருகிறதா என்பதையே பார்த்துக் கொண்டிருந்தேன். பிறகு படகில் பூட்டி, அடுத்த ஐம்பது நிமிடம் அரைத் திரோட்டிலுக்கு, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சுற்றுக்கு, மேல் போகாமல், ஒரே வேகத்தில் நிற்காமல் கூட்டியும் குறைத்தும் ஓடினேன். கைபிடித்து ஓட்டும் இந்த வகையில் சுற்றுமானி இல்லாததால் பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சிறிய மானி ஒன்றைப் பூட்டினேன். மணித்தியாலக் கணக்கையும் அதுவே வைத்துக் கொண்டது. இரண்டாவது மணித்தியாலத்தில் முக்கால் திரோட்டில், இடையிடையே ஒரு நிமிடம் மட்டும் முழுத் திரோட்டில். மூன்றாவதிலிருந்து பத்தாவது வரை, முழு வேகத்தைத் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காமல் தொழிலுக்கே போனேன்.

பத்து மணித்தியாலமும் பூனை நடையாக ஓடினால் இயந்திரத்துக்கு நல்லது என்று எங்கள் மெக்கானிக் சொன்னதை நான் கேட்கவில்லை. அவர் அனுபவசாலி, பெயரிங் போட்ட கைநேர்த்தியில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. பாரமே கொடுக்காவிட்டால் றிங்கைச் சுவரோடு அழுத்தும் வாயு அழுத்தம் போதாது, றிங் பொருந்தாமலே சுவர் பளபளத்துப் போகும். மண்ணெண்ணெயில் ரன்னிங் இன் ஓடலாம் என்ற இன்னொரு யோசனையையும் ஒதுக்கினேன். பெற்றோலுக்குச் செய்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் குறைந்த வேகத்தில் முழுதாக எரியாமல் ஓயில் படலத்தைக் கழுவிவிடும். வேகம் கூட்டினால் தட்டத் தொடங்கும்.

ஓயிலைக் கூட்டக் கூட்டப் பத்திரம் என்ற நம்பிக்கையும் முழுச் சரியல்ல. கார்பரேட்டரின் ஜெட்டுக்குள் போகும் திரவத்தில் ஓயிலின் பங்கு கூடினால் பெற்றோலின் பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது, எனவே எரிகலவை மெலிகிறது. 50:1 இலிருந்து 25:1 க்கு மாறும்போது இந்த வித்தியாசம் சிறிது, அதை இயந்திரம் தாங்கும். 15:1 என்று ஊற்றுபவர்கள் புகையையும் நனைந்த பிளக்கையும் மட்டுமல்ல, றிங் பள்ளத்தில் கரியையும் சேர்த்து வாங்குகிறார்கள். 25:1 இலேயே எனக்கு இரண்டு முறை கீழ் சிலிண்டர் பிளக் எண்ணெய் பிடித்து நின்றது, இரண்டு முறையும் நெடுநேரம் மெதுவாக ஓடிய பிறகு. உதிரி பிளக்கும் பிளக் சாவியும் இல்லாமல் இந்த நாட்களில் கடலில் இறங்கக் கூடாது.

பத்து மணித்தியாலம் முடிந்தபோது தாங்கியில் ஏறக்குறைய பத்து லீற்றர் 25:1 கலவை எஞ்சியிருந்தது. அதைக் கொட்ட வேண்டியதில்லை, அதே அளவு வெறும் பெற்றோலை மேலே ஊற்றினால் 50:1 ஆகிவிடும். நான்காவது போத்தலில் மிஞ்சியிருந்த ஓயில் அடுத்த கலவைக்குப் போனது. இப்போது பிளக் இரண்டும் இளம் மண்ணிறத்தில் இருக்கின்றன, இரண்டு சிலிண்டர்களின் அமுக்கமும் அளவுமானியில் ஏறத்தாழ ஒன்றாக வருகிறது, காலையில் இரண்டாவது இழுப்பில் இயந்திரம் எழும்புகிறது. சில்லறை ஓயிலைவிட இதன் விலை கூடத்தான், ஆனால் இரண்டு பிஸ்டனுக்கும் போர் செய்த கூலிக்கும் நான் கொடுத்த காசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதைக் கூடுதல் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த முறையும் இதே முத்திரையைத்தான் கேட்டு வாங்குவேன். குவளையை மட்டும் என் கையோடு கொண்டு போவேன்.