காய்ச்சல் மருந்து: டிராப்ஸா, சிரப்பா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மருந்துக்கடையில் போய், "பிள்ளைக்குக் காய்ச்சல், பாராசிட்டமால் தாங்க" என்று கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியது எடை. வயதெல்லாம் அப்புறம்தான். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது பொதுவான கணக்கு.

6 கிலோ கைக்குழந்தைக்கு 90 மில்லிகிராம் வேண்டும். டிராப்ஸில் மில்லிக்கு 100 மில்லிகிராம் இருப்பதால் 0.9 மில்லி போதும். 5 மில்லிக்கு 125 உள்ள சிரப் என்றால் 3.6 மில்லி. அவ்வளவையும் உள்ளே இறக்குவதற்குள் பாதியைத் துப்பிவிடும். அதனால் இந்த வயதில் நான் டிராப்ஸ் கட்சி.

ஆனால் வில்லங்கமும் அதில்தான். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லிக்கு 250 உள்ள சிரப்பில் அது 3 மில்லி. அதே 3 மில்லியை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து எடுத்தால் 300, அதாவது இரண்டு மடங்கு. அம்மா பையில் டிராப்ஸ், பாட்டி வீட்டில் சிரப் என்று இருந்தால் இது சுலபமாக நடக்கும். அளவு கூடிக்கொண்டே போனால் அடி வாங்குவது கல்லீரல்.

10 கிலோ தாண்டினால் சிரப்பே வசதி. 125-ஆ 250-ஆ என்று லேபிளைப் பார்த்துவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். சமையல்கட்டு ஸ்பூன் வேண்டாம். எதுவானாலும் வேளைக்கு வேளை 4 மணி நேரமாவது இடைவெளி, நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடாது.

3 மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சலா? அப்போது இரண்டும் வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்தில் உள்ள குழந்தை மருத்துவரோ, நேராக அங்கே போய்விடுங்கள்.